பொத்தான் ரீல்: மூடியைக் கழற்றிப் பார்த்து வாங்குங்கள்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தூண்டிலும் வாளியுமாகக் கிளம்பும் பிள்ளைகளைப் பேராக் மாநிலத்தில் எங்கும் காணலாம். ஈப்போ, பத்து காஜா, மாலிம் நாவார், கம்பார், சுங்கை சிப்புட் என எந்த ஊரை எடுத்தாலும் பக்கத்திலேயே ஓர் ஆறோ குட்டையோ இருக்கும். அந்தப் பிள்ளைக்கு நல்ல ரீல் ஒன்று வாங்கித் தரவேண்டும் என்று நினைக்கும் பெற்றோர்களும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் தமக்கே ஒன்று வேண்டும் என்று நினைக்கும் பெரியவர்களும் கடைக்குப் போய் நின்றதும் குழம்பிப் போகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பத்து வகை இருக்கும். எது நல்லது, எது வெறும் பளபளப்பு என்று தெரியாது.

அந்த வகைகளில் ஒன்று மட்டும் முகத்தை மூடிக்கொண்டிருக்கும். முன்பக்கம் கூம்பு போன்ற மூடி, அதன் நடுவில் ஒரு சிறு துளை, பின்பக்கம் கட்டைவிரலால் அழுத்த ஒரு பொத்தான். துளை வழியாக நூல் வெளியே வரும். இதைத்தான் மூடுமுக ரீல் என்றும், பேச்சு வழக்கில் பொத்தான் ரீல் என்றும் சொல்கிறார்கள். புதிதாகப் பழகுபவருக்கு இதைவிட எளிய ரீல் கிடையாது. ஆனால், எல்லாம் மூடிக்குள் மறைந்திருப்பதால் ஏமாறுவதும் இதில்தான் அதிகம். எனவே இதை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதே இன்றைய உரையின் பொருள்.

மூங்கில் கழி போதாமல் போனது ஏன்?

இரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தலைமுறைக்கு ரீல் தேவைப்படவில்லை. ஒரு மூங்கில் கழி, கழியின் நீளத்திற்கு ஒரு தங்கூசி நரம்பு, ஒரு தூண்டில் முள், தகர டப்பாவில் கொஞ்சம் மண்புழு. அவ்வளவுதான். பால்மரக் காட்டின் ஓரம் ஓடிய வாய்க்கால் அகலம் குறைந்தது. கழியை நீட்டினால் எதிர்க்கரை எட்டிவிடும். கெளுத்தியும் பனையேறியும் விராலும் அந்த வாய்க்காலிலேயே கிடைத்தன.

பிறகு நிலைமை மாறியது. பல தோட்டங்களில் இரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்களில் இருந்த குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. மறுபக்கம், உலகப் புகழ்பெற்ற கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத் தொழில், 1985ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் உலக ஈயச் சந்தை சரிந்ததைத் தொடர்ந்து நொடித்துப் போனது. சுரங்கங்கள் மூடப்பட்டன, தோண்டிய பள்ளங்களில் நீர் நிறைந்து குட்டைகளாக நின்றன. இன்று தாமானில் வளரும் பிள்ளைக்கு அருகில் இருப்பது பெரும்பாலும் இத்தகைய ஈயக் குட்டைதான்.

வாய்க்கால் வேறு, ஈயக் குட்டை வேறு. குட்டை அகலமானது, ஆழமானது. கழியின் நீளத்திற்குள் எல்லா மீனும் வந்துவிடாது. தூரமாக எறிந்தால்தான் பயன் உண்டு. எறியவும் இழுக்கவும் ஒரு ரீல் வேண்டும் என்ற நிலை இப்படித்தான் வந்தது.

குண்டு நிறுவனம் செய்த ரீல்

பொத்தான் ரீலின் கதை அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், துல்சா நகரில் தொடங்குகிறது. அங்கே ‘ஸீரோ அவர் பாம் கம்பெனி’ என்று ஒரு நிறுவனம் இருந்தது. எண்ணெய்க் கிணறு தோண்டும் தொழிலுக்கு, குறித்த நேரத்தில் வெடிக்கும் குண்டுகளைச் செய்வது அதன் வேலை. அந்தக் குண்டுகளுக்கான காப்புரிமை முடியும் காலம் நெருங்கியதால் வேறு பொருள் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்போது, 1947ஆம் ஆண்டில், ஆர்.டி. ஹல் என்ற கடிகாரப் பழுது பார்ப்பவர் ஒரு புதிய ரீல் யோசனையுடன் அவர்களிடம் வந்தார்.

அந்த யோசனை அவருக்குக் கடை ஒன்றில் பிறந்ததாகச் சொல்வார்கள். பொட்டலம் கட்டுபவர் நூல் உருண்டையிலிருந்து நூலை இழுக்கிறார். உருண்டை சுழலவில்லை; நூல் மட்டும் அதன் முனை வழியாக வழுக்கி வருகிறது. அன்றைய ரீல்களில் நூல் சுற்றிய உருளையே சுழலும். எறிபவர் கட்டைவிரலால் சரியான நேரத்தில் அதைத் தடுக்காவிட்டால் உருளை வேகமாகச் சுழன்று நூல் சிக்கலாகிவிடும். உருளையே சுழலாவிட்டால் அந்தச் சிக்கல் எங்கிருந்து வரும்? 1949ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் முதல் ரீல்கள் வெளிவந்தன. 1954ஆம் ஆண்டில் ‘33’ என்ற எண்ணுடன் வந்த பொத்தான் ரீல் பெரும் புகழ் பெற்றது. 1956ஆம் ஆண்டில் நிறுவனம் தன் நீண்ட பெயரைச் சுருக்கி ‘ஸெப்கோ’ என்று வைத்துக்கொண்டது. பின்னர் சுவீடனின் ஆபு, ஜப்பானின் டைவா முதலிய நிறுவனங்களும் மூடுமுக ரீல்களைச் செய்தன.

மூடிக்குள் என்ன நடக்கிறது?

நல்லதை அறிய வேண்டுமானால் அது வேலை செய்யும் விதத்தை முதலில் அறிய வேண்டும்.

மூடிக்குள் நூல் சுற்றிய உருளை ஒன்று இருக்கிறது. அதன் முன்னே கிண்ணம் போன்ற சுழல்தலை. சுழல்தலையின் ஓரத்தில் சிறு முளை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் சுழல்தலை முன்னே நகர்ந்து நூலை மூடியின் உட்புறத்தோடு அழுத்திக்கொள்ளும். முளை உள்ளே போய்விடும். கழியை வீசும்போது பொத்தானை விட்டால் நூல் விடுபட்டு, எடைக் குண்டு இழுக்கும் வேகத்தில் துளை வழியாகப் பாயும். கைப்பிடியைச் சுற்றினால் முளை மீண்டும் வெளியே வந்து நூலைப் பிடித்து உருளையில் சுற்றும்.

ஆக, பிடி, விடு, சுற்று என்ற மூன்றே செயல்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குக்கூட அரை மணி நேரத்தில் கைவந்துவிடும். விரல் மூட்டுகள் விறைத்துப்போன முதியவருக்கும் இது உதவும். திறந்தமுக ரீலில் நூலை ஆள்காட்டி விரலில் கோத்துப் பிடிக்க வேண்டும், கம்பி வளையத்தைத் திறந்து மூட வேண்டும். பொத்தான் ரீலில் இரண்டும் இல்லை.

கடையில் செய்ய வேண்டிய ஆறு சோதனைகள்

முதலாவது, மூடியைக் கழற்றிப் பார்ப்பது. பெரும்பாலான ரீல்களில் மூடியைக் கையால் இடப்பக்கம் திருகினாலே கழன்றுவிடும். கடைக்காரரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். “தவுக்கே, போலே புக்கா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். திறந்து காட்ட மறுக்கும் கடையில் வாங்காமல் இருப்பதே நல்லது. உள்ளே அந்த முளையைப் பாருங்கள். ரீலின் உயிர் அதில்தான் இருக்கிறது. மலிவான ரீல்களில் அது ஒன்று மட்டும் இருக்கும். பிளாஸ்டிக்காகவோ மிருதுவான உலோகமாகவோ இருக்கும். நூல் உரசி உரசி அதில் பள்ளம் விழும். அந்தப் பள்ளம் நூலை அறுக்கும். கடின உலோகத்தாலோ பீங்கானாலோ ஆன முளை நல்லது. இரண்டு முளைகள் இருந்தால் இன்னும் நல்லது. கைப்பிடியைச் சுற்றத் தொடங்கியதுமே நூல் பிடிபட்டுவிடும்.

இரண்டாவது, மூடியின் துளை. கொஞ்சம் பஞ்சை எடுத்துத் துளையின் விளிம்பில் சுற்றிலும் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு இழை எங்காவது மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. இன்று பஞ்சு மாட்டும் இடத்தில் நாளை நூல் அறும். துளையில் வழவழப்பான கடின வளையம் பதித்திருப்பது நல்ல ரீலின் அடையாளம்.

மூன்றாவது, கைப்பிடியும் பற்சக்கரமும். கைப்பிடியை மெதுவாகச் சுற்றுங்கள். கரகரவென்று உரசும் ஓசையோ, ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் இறுகுவதோ இருந்தால் வேண்டாம். பெட்டியின் மேல் எத்தனை பால்பேரிங் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணை மட்டும் நம்பக்கூடாது. நாலைந்து மட்டமான பேரிங்குகளைவிடச் சரியான இடத்தில் இருக்கும் ஒரு நல்ல பேரிங் மேலானது. பற்சக்கரங்கள் உலோகத்தால் ஆனவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது, பின்சுழற்சித் தடுப்பு. கைப்பிடியைப் பின்னோக்கித் திருப்பிப் பாருங்கள். உடனே நின்றுவிட வேண்டும். கால் சுற்று, அரைச் சுற்று என்று ஆடிவிட்டு நின்றால், மீன் கொத்தும்போது அந்த இடைவெளியில் முள் சரியாக ஏறாது. வாயில் முள் பதியாமல் தப்பும் மீன்களில் பல இந்த ஆட்டத்தால் தப்புபவைதான்.

ஐந்தாவது, இழுவிசைத் திருகு. பெரிய மீன் இழுக்கும்போது நூல் அறாமல் விட்டுக்கொடுக்கும் பகுதி இது. சிலவற்றில் கைப்பிடியின் அடியில் நட்சத்திர வடிவில் இருக்கும், சிலவற்றில் மேலே சிறு சக்கரமாக இருக்கும். அதைக் கொஞ்சம் தளர்த்தி, நூலைக் கையால் இழுத்துப் பாருங்கள். சீராக வழுக்கி வரவேண்டும். நின்று நின்று வெடுக்கென்று வந்தால், மீனும் அதே வெடுக்கில் நூலை அறுத்துக்கொண்டு போகும்.

ஆறாவது, கையின் அளவு. யார் பயன்படுத்தப் போகிறாரோ அவரே பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். அப்பாவின் கட்டைவிரலுக்கு எளிதாக இருப்பது மகளின் விரலுக்கு எட்டாமல் போகலாம். இடக்கைப் பழக்கம் உள்ளவர், கைப்பிடியை மறுபக்கம் மாற்றிப் பொருத்த முடியுமா என்றும் பார்க்க வேண்டும். கழியின் மேற்புறம் உட்காராமல் அடிப்புறம் தொங்கும் மூடுமுக ரீல்களும் உண்டு. அவற்றில் பொத்தானுக்குப் பதில் விரலால் இழுக்கும் விசை இருக்கும். சிலருக்கு அதுவே வசதியாக அமையும்.

இந்த ஆறு சோதனைகளுக்கும் ஐந்து நிமிடம் போதும். கடையில் கொடுக்கும் பணத்தின் மதிப்பு அந்த ஐந்து நிமிடத்தில்தான் தீர்மானமாகிறது.

நூலும் அளவும்

பல பொத்தான் ரீல்கள் நூல் சுற்றியே விற்கப்படுகின்றன. அந்த நூல் எத்தனை காலம் பெட்டியில் கிடந்ததோ தெரியாது. சுருள் சுருளாக நிற்கும் நூலாக இருந்தால் தயங்காமல் மாற்றிவிடுவது நல்லது. 8 அல்லது 10 பவுண்டு தாங்கும் சாதாரண நைலான் நூல் இந்த வகை ரீலுக்குப் பொருத்தம். நெய்த நூல் வலிமையானது என்று சொல்லிச் சிலர் அதைச் சுற்றுவார்கள். அது சிறிய உருளையில் வழுக்கும். சுற்றுகளுக்கிடையே புதைந்து சிக்கும். மிருதுவான முளையை அரித்துவிடும். உற்பத்தியாளர் அனுமதித்திருந்தாலொழிய அது வேண்டாம். உருளையை வழிய வழிய நிரப்பக்கூடாது. விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் குறைவாக இருக்கட்டும்.

இழுவிசையை எவ்வளவு இறுக்குவது? நூல் தாங்கும் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை என்பது பொது விதி. 8 பவுண்டு என்பது சுமார் 3.6 கிலோ. அதில் ஏறத்தாழ 1 கிலோ வைத்துக்கொள்ளலாம். இதற்குத் தனிக் கருவி தேவையில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் நிறைந்த பாட்டிலின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. அதை நூலின் நுனியில் கட்டி மெதுவாகத் தூக்கும்போது, பாட்டில் தரையை விட்டு எழும் நேரத்தில் நூல் மெல்ல வழுக்க வேண்டும். அதுதான் சரியான இறுக்கம்.

எடைக் குண்டு 7 முதல் 10 கிராம் வரை இருக்கட்டும். அதைவிட இலேசானால் துளையின் உராய்வை மீறி நூலை இழுக்க முடியாது. எறிந்தது காலடியிலேயே விழும்.

எதற்கு உதவாது?

ஒரு பொருளின் குறையைச் சொல்லாமல் நிறையை மட்டும் சொல்வது விளம்பரம் ஆகிவிடும். பொத்தான் ரீலுக்கும் எல்லை உண்டு. அதன் உருளை சிறியது. நூல் கொள்ளளவு சாதாரணமாக நூறு மீட்டருக்கு உட்பட்டது. இழுவிசையும் குறைவு. திலாப்பியா, லம்பாம், கெளுத்தி, நடுத்தர விரால் ஆகியவற்றுக்கு அது போதும். ஆனால், ஈயக் குட்டைகளிலும் ஏரிகளிலும் வாழும் தோமான் ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய மீன். கொத்தியதும் புதருக்குள் பாயும். சிறிய ரீலால் அதைத் திருப்ப முடியாது. தெமெங்கோர் ஏரியில் சேபாராவும் கெலாவும் தேடிப் போகிறவருக்கும் இது ஏற்றதல்ல. அவர்கள் திறந்தமுக ரீலுக்கோ, உருளை சுழலும் ரீலுக்கோ போக வேண்டும்.

லூமுட் போன்ற கடற்கரைக்குக் கொண்டு போகிறவர்களும் யோசிக்க வேண்டும். உப்புநீர் மூடிக்குள் தங்கினால் உலோகம் அரித்துவிடும். ஈப்போவின் மழையே போதும், துரு பிடிக்க. மீன்பிடித்துத் திரும்பியதும் மூடியைக் கழற்றி, துணியால் துடைத்து, காற்றில் உலரவிட வேண்டும். முளைக்கு ஒரு சொட்டு எண்ணெய், பற்சக்கரத்துக்குக் கொஞ்சம் கிரீஸ். ஈரத்தோடு மோட்டார் சைக்கிள் கூடைக்குள் போட்டு மறந்துவிட்டால் எவ்வளவு நல்ல ரீலும் நீடிக்காது.

கரையில் நிற்கும் பிள்ளைக்காக

ஒரு ரீலைப் பற்றி இத்தனை பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். மலிவாக ஒன்றை வாங்கினால் போயிற்று, கெட்டால் இன்னொன்று என்று நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

ஈயக் குட்டையின் கரை ஆற்றங்கரை போன்றதல்ல. சுரங்கத்துக்காகத் தோண்டிய பள்ளம் அது. ஓரத்தில் முழங்கால் ஆழம் இருப்பதுபோல் தோன்றும்; அடுத்த அடியில் திடீரென்று சரியும். ஈயம் கழுவிய சேறு படிந்த கரை, பார்வைக்குக் கெட்டித் தரை போலவே இருக்கும். கால் வைத்தால் புதையும். இத்தகைய குட்டைகளில் பிள்ளைகள் மூழ்கிய செய்திகள் நாளேடுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன.

மீன்பிடிக்கும் பிள்ளை எப்போது தண்ணீரில் இறங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். எறிந்தது தூரம் போகாதபோது இன்னும் இரண்டடி முன்னே போகிறது. நூல் சிக்கி, கண்ணை நூலில் வைத்தபடி காலடியைக் கவனிக்க மறக்கிறது. முள் அடியில் மாட்டிக்கொண்டபோது எடுக்க இறங்குகிறது. மீன் கரையோரம் வந்து நூல் அறப்போகும் நேரத்தில் கையால் பிடிக்கப் பாய்கிறது. இந்த நான்கில் முதல் இரண்டும் மட்டமான ரீலின் வேலை. நல்ல பொத்தான் ரீல் இருந்தால் விளிம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, கெட்டித் தரையில் நின்றபடியே பழகிய கை 20 மீட்டர் எறியும், நூலும் சிக்காது. மூன்றாவதற்கு மருந்து, மாட்டிய நூலை அறுத்துவிடும் மனம். ஒரு முள்ளும் குண்டும் சில காசு. நான்காவதற்கு, நீண்ட கைப்பிடியுள்ள வலை ஒன்று.

ஆகவே ரீல் வாங்கியதும் நேரே குட்டைக்குப் போகக்கூடாது. முள்ளைக் கழற்றிவிட்டு, நூல் நுனியில் ஒரு ரப்பர்த் துண்டைக் கட்டி, தாமான் திடலில் ஒரு வாரம் பழகட்டும். பழைய வாளி ஒன்றை வைத்து, அதற்குள் விழும்படி எறியச் சொன்னால் பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டு. கழி தலைக்கு மேலே வந்து முன்னே சாயும் நேரத்தில் பொத்தானை விடவேண்டும். முன்கூட்டி விட்டால் மேலே போகும், தாமதித்து விட்டால் தரையில் மோதும். பத்துத் தடவையில் கை தானாகக் கற்றுக்கொள்ளும்.

எவ்வளவு நல்ல ரீலானாலும் பெரியவர் துணையில்லாமல் பிள்ளையைக் குட்டைக்கு அனுப்பக்கூடாது. தோட்டத்து வாய்க்காலில் கழி பிடித்த தாத்தாக்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். எந்த நேரத்தில் மீன் கொத்தும், எந்த இரைக்கு எது வரும், எந்தச் சேறு காலை வாங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பேரனுக்கோ பேத்திக்கோ பொத்தான் ரீல், தாத்தாவுக்கு அவர் பழகிய கழி. இருவரும் சேர்ந்து போகட்டும். அறுந்த நூலைக் குட்டையோரம் போடாமல் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கத்தையும் அவரே கற்றுக்கொடுக்கட்டும். அந்த நைலான் நூல் மக்குவதில்லை; பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும்.

வெளியே மின்னும் வண்ணமும் பெட்டியில் உள்ள எண்ணும் மீன் பிடிப்பதில்லை. முளை, துளை, பற்சக்கரம், தடுப்பு, திருகு, கையின் அளவு ஆகிய ஆறையும் பார்த்து வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் ரீல் பல ஆண்டுகள் உழைக்கும். பிள்ளையும் கெட்டித் தரையிலேயே நிற்கும்.